நான்காவது ஷரத்து

சென்ற வாரம் செக்ரட்டரியைத் திட்டித் தீர்த்து எழுதியிருந்த வாசகிகள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மனுஷர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கும் வேலை சுலபம், வாண்டுவுக்கும் சுலபம்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்கிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் செக்ரட்டரி. துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதுவது அவர் தொழில். குடியிருக்கும் அடுக்குமாடிச் சங்கத்துக்கும் பதினாறு வருடமாக அவர்தான் செக்ரட்டரி; அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்தவர் மாஸ்டர், நீச்சல் கற்றுக்கொடுப்பவர். கடைக்குட்டி வாண்டு. முப்பத்தாறு வயதாகிவிட்டது, ஏழு வயது மகளைத் தனியாக வளர்க்கிறாள், தினமும் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஆனாலும் வீட்டில் அவள் வாண்டுதான்.

மாஸ்டருக்கு இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்துவைத்திருந்த இடம் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. மூன்றாவது தடவையும் அடைத்தால் அப்புறம் எங்கே குத்துவது என்று டாக்டரே யோசிக்கிறார். "கொடுக்கறவங்க சீக்கிரம் கொடுத்துடுங்க" என்று போன மாதமே சொல்லிவிட்டார்.

மாஸ்டரின் மனைவி, அதாவது வாண்டுவின் சின்ன அண்ணி, முதல் ஆளாகக் கையை நீட்டிக்கொண்டு போனாள். ரத்த வகை சேரவில்லை. மிச்சம் இரண்டு பேர்: செக்ரட்டரி, வாண்டு.

பரிசோதனைக்குப் போவதற்கு முன்பே செக்ரட்டரி ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிவைத்து எட்டு ஷரத்துகளோடு ஒரு ஒப்பந்தம் எழுதினார். யாருக்கு அதிகம் பொருந்துகிறதோ அவர் கொடுக்க வேண்டும். "யார் பேர் வரும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாதப்பவே ஒத்துக்கிட்டா அதான் நியாயம். தெரிஞ்சப்புறம் ஆளுக்கொரு நியாயம் பேச ஆரம்பிச்சிடுவோம்," என்றார். சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. கையெழுத்தானது.

ரிசல்ட் வந்தது. இரண்டு பேருக்குமே பொருந்துகிறது. அதிகம் பொருந்துவது வாண்டுவுக்கு.

இன்று திங்கட்கிழமை. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியின் அறநெறிக் குழு வாண்டுவைத் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசும். அவள் தன் சொந்த விருப்பத்தில் கொடுக்கிறாள் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் வியாழக்கிழமை ஆபரேஷன். எழுதாவிட்டால் கிடையாது.

அவ்வளவுதான் கதை. இனி காலை எட்டரை மணி.

*

மாஸ்டர் வீட்டுக்குள் நுழையும்போதே செக்ரட்டரியின் கக்கத்தில் ஒரு தடித்த ஃபைல் இருந்தது. பக்கவாட்டில் கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருந்தார்.

"எல்லாம் நம்பர் போட்டு ஸ்பைரல் பண்ணிட்டேன். ரத்தம், ஸ்கேன், வயசு, உறவுக்கு அத்தாட்சி. மொத்தம் ஒன்பது இணைப்பு. குழுவுல யார் எதைக் கேட்டாலும் பக்கத்தைத் திருப்பினா பதில் இருக்கும்."

"ஒன்பதாவதுல என்ன?" என்று அண்ணி கேட்டாள்.

"அது நம்ம துருப்புச் சீட்டு. அங்க வந்து பாரு."

மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரை நாக்கு நனைகிற அளவுக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் அளவு. நீச்சல் குளத்திலேயே இருபது வருடம் குடியிருந்த மனிதருக்கு இப்படி ஒரு வியாதி வந்திருக்கிறது பாருங்கள். எனக்கே சில வாரம் எழுத மனசு வருவதில்லை.

வாண்டு மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராக வந்தாள். சின்ன அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?" என்றார்.

"போயிட்டா."

"ஆறு வாரம் வண்டி ஓட்ட முடியாதாமே உனக்கு?"

"ஆமாம்ணா."

நாலு மாதமாக இதே கதைதான். பாப்பாவைப் பற்றிக் கேட்பார், டியூட்டியைப் பற்றிக் கேட்பார். கிட்னி என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. வாண்டுவுக்கு அது நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அண்ணி டீ கொண்டுவந்தாள். வாண்டு தொடவில்லை.

"இன்னிக்கு லீவுதானே? குடியேன்."

"வேணாம் அண்ணி. காலைல எதுவும் குடிச்சுப் பழக்கமில்லை."

"டயட்டுல இருக்கா போல. ஆபரேஷன் தியேட்டருக்கு அழகா போகணுமாம்," என்று செக்ரட்டரி கிண்டலடித்தார். யாரும் சிரிக்காததால் அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு ஃபைலை இன்னொரு தரம் புரட்டினார்.

*

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. நீளமான வராந்தா, சுவரோரம் பச்சை நாற்காலிகள். பத்தே முக்காலுக்கு அண்ணி வாண்டுவின் முழங்கையைப் பிடித்து லிஃப்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் சொல்றதைக் கேளு. குறுக்கே பேசாதே."

"சொல்லுங்க."

"உள்ள போனதும் வேணாம்னு தோணிச்சுன்னா வேணாம்னு சொல்லிடு."

வாண்டு ஆடிப்போய்விட்டாள். "அண்ணி!"

"குறுக்கே பேசாதேன்னேன்ல. நீ வேணாம்னு சொன்னா எனக்குக் கோவம் வரும். ஒரு வருஷம் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். ரெண்டு வருஷம்கூட ஆகும். எனக்கு இவர் வேணும், அதனால நான் நியாயம் பேச லாயக்கில்லாதவ. உங்க பெரியண்ணன் அந்தப் பேப்பரைப் படிச்சப்ப நானும் அங்கதான் உட்கார்ந்திருந்தேன். பாப்பாவை யாரு பார்த்துப்பான்னு ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா நீ மனசு மாறிடுவியோன்னு பயந்து முழுங்கிட்டேன்."

"பாப்பா உங்ககிட்ட இருப்பான்னு நினைச்சேன்."

"இருப்பா. நான் பார்த்துக்கறேன். ஆறு வாரம் லீவு சொல்லிட்டேன். ஒரு கட்டில்ல இவரு, ஒரு கட்டில்ல நீ, நடுவுல உன் பொண்ணு. எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். ஆனா அதை உன்கிட்ட சொல்லலை பாரு, அதுதான் மனசை அறுக்குது."

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வாண்டு அண்ணியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அதற்குள் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "தானம் செய்யறவங்க மட்டும் வாங்க," என்றாள்.

செக்ரட்டரி எழுந்து கூடவே நடந்தார். "நீங்க இல்லைங்க" என்று அவரைக் கதவருகே நிறுத்திவிட்டார்கள். ஃபைல் மட்டும் உள்ளே போயிற்று.

*

உள்ளே மூன்று பேர். ஓரத்தில் கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்ட வக்கீல். அவர் பக்கத்தில் வயதான டாக்டர், பார்த்தாலே பயம் போய்விடும் முகம். நடுவில் குழுவின் தலைவி. கல்லூரியில் அறவியல் பாடம் எடுப்பவர் என்று கதவில் எழுதியிருந்தது. தலைமுடியைத் தூக்கிக் கிளிப் போட்டிருந்தார். எதிரில் ஃபைல் கடைசிப் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"உட்காருங்கம்மா. இந்த இணைப்பு ஒன்பதை நீங்க படிச்சிருக்கீங்களா?"

வாண்டு எட்டிப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிய ஒப்பந்தம். துருப்புச் சீட்டு என்று பெரியண்ணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது இதைத்தானா?

"எங்க பெரியண்ணன் வெச்சிருக்கார் மேடம். நான் ஒத்துக்கிட்டதுக்குச் சாட்சின்னு நினைச்சிருப்பார்."

"நாலாவது ஷரத்தைப் படிங்க."

வாண்டு படித்தாள். "தேர்வு செய்யப்படும் நபர் எக்காரணம் கொண்டும் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கும் உரிமையை இருவரும் இதன் மூலம் விட்டுக்கொடுக்கிறோம்."

"எங்க வேலையே, நீங்க கடைசி நிமிஷம் வரைக்கும் பின்வாங்க முடியுமான்னு பார்க்கறதுதான். முடியாதுன்னு உங்க வீட்ல எழுதியே அனுப்பியிருக்காங்க."

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "மேடம், ஒண்ணு சொல்லணும். இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை. ரிசல்ட் தெரியறதுக்கு முன்னாடி எழுதியிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நிபந்தனை. இவங்க பேர் வந்த மாதிரி அண்ணன் பேரும் வந்திருக்கலாம். எழுதினவர் நேர்மையாத்தான் எழுதியிருக்கார்."

"நல்ல பொண்ணு மேடம் இது," என்றார் டாக்டர். "ஒவ்வொரு டெஸ்டுக்கும் சொன்ன நேரத்துக்கு வந்தா. முகம் சுளிக்கலை. இந்த மாதிரி தங்கச்சி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

தலைவி பேனாவை மூடி வைத்தார். "இதைத்தான் நான் வருஷா வருஷம் கிளாஸ்ல எடுக்கறேன், சார். எல்லாரும் சமமா உட்கார்ந்து ஒத்துக்கிட்ட விதிதான் நியாயம்னு ஒரு கட்சி. வக்கீல் சார் அந்தக் கட்சி. விதியை விடுங்க, நல்ல மனுஷி என்ன செய்வான்னு பாருங்கன்னு ஒரு கட்சி. அது நீங்க. ரெண்டு கட்சிலயும் விஷயம் இருக்கு." அவர் வாண்டு பக்கம் திரும்பினார். "அந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து இதை எழுதும்போது டீ போட்டது யாரும்மா?"

வாண்டு திகைத்துப்போனாள். "நான்தான் மேடம்."

"படிச்சுக் காட்டினப்ப எங்க இருந்தீங்க?"

"அடுப்படில. பால் பொங்கற நேரம். பெரியண்ணன் சத்தமா படிச்சார், காதுல விழுந்துச்சு. அப்புறம் தட்டோட வந்தேன். கையைத் துடைச்சுக்கிட்டு நின்னமேனிக்குப் போட்டேன் கையெழுத்தை."

"உங்க பெரியண்ணன்?"

"சோபால உட்கார்ந்து போட்டார்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"மூணாவதா ஒரு கட்சி இருக்கு, சார். ஒப்பந்தம் எழுதற நேரத்துல அடுப்படில இருந்தது யாரு, எழுதினப்புறம் அதைச் சுமக்கப்போறது யாருன்னு கேக்கற கட்சி. பெண்கள் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கற கேள்வி அது. இந்த ஃபைல்ல எல்லாத்துக்கும் பக்கம் இருக்கு, அதுக்கு மட்டும் இல்லை." மறுபடி வாண்டுவைப் பார்த்தார். "கொடுத்தப்புறம் நிறைய தண்ணி குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரா?"

"சொன்னார்."

"இப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

வாண்டு டாக்டரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அப்புறம் மென்று முழுங்கிக்கொண்டு சொன்னாள். "அஞ்சு மணிக்கு டியூட்டி ஏறினா ஒரு மணி வரைக்கும் எதுவும் குடிக்க மாட்டேன் மேடம். கடைசி ஸ்டாப்புல எங்களுக்கு டாய்லெட் கிடையாது. ஆம்பளை டிரைவருங்க சுவருக்குப் பின்னால போயிட்டு வந்துடுவாங்க. நாங்க எங்க போறது? டிப்போவுல இருக்கற பொம்பளை டிரைவர் எல்லாருமே இப்படித்தான்."

டாக்டரின் முகம் வாடிவிட்டது. "இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார். தண்ணி குடிக்கணும்னு சொன்னீங்க. சரின்னு தலையாட்டினேன்."

டாக்டர் பேனாவை எடுத்துத் தன் குறிப்பில் எதையோ எழுதிக்கொண்டார்.

"உங்களுக்குக் கொடுக்க இஷ்டமா, இல்லையா?" என்று தலைவி கேட்டார்.

பதிலுக்கு வந்தது கண்ணீர்தான். வாண்டுவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மழையில், நெரிசலில், பிரேக் சரியில்லாத வண்டியில் அழாதவள் இங்கே வந்து அழுகிறாள்.

"இந்த அறையில ஒரு வழக்கம் இருக்கும்மா. விருப்பமில்லைன்னு யாராவது சொன்னா, 'மருத்துவ ரீதியாகத் தகுதியில்லை'ன்னு மட்டும் வெளியில சொல்லுவோம். காரணம் யாருக்கும் தெரியாது. வீட்ல உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. அப்படி எழுதிடட்டுமா?"

எவ்வளவு பெரிய கதவு அது! தள்ளினால் திறந்துகொள்ளும். வியாழக்கிழமை அவள் வழக்கம்போல வண்டி எடுக்கலாம். பாப்பாவுக்கு ஜடை பின்னலாம். சின்ன அண்ணன்? அவருக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவள் வேறு எதையும் நினைக்கவில்லை.

"வேணாம் மேடம்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொய் எழுத வேணாம். எனக்குக் கொடுக்க இஷ்டமில்லைன்னு நான் சொல்லலை. இஷ்டமான்னு யாரும் கேக்கலை. எங்க சின்னண்ணன்கூட கேக்கலை. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலை. அது தெரியாம நான் படுத்துக்க மாட்டேன்."

தலைவி ஃபைலில் இரண்டு வரி எழுதினார். வக்கீல் அதில் கையெழுத்துப் போட்டார். டாக்டரும் போட்டார், கொஞ்சம் தயங்கி.

*

"நிறுத்தி வெச்சிருக்காங்க" என்று வாண்டு வெளியே வந்து சொன்ன ஒரு வார்த்தைக்கு வராந்தாவே அதிர்ந்தது.

"என்னது?" செக்ரட்டரி எழுந்துவிட்டார். "வியாழக்கிழமைக்குத் தியேட்டர் புக் ஆகியிருக்கு! அட்மிஷன் போட்டாச்சு! எதுக்கு நிறுத்தணும்?"

"உன் இணைப்பு ஒன்பதால பெரியண்ணா. பின்வாங்கக் கூடாதுன்னு எழுதிட்டு அதையே கொண்டுபோய் அவங்ககிட்ட கொடுத்திருக்கே. வெள்ளிக்கிழமை மறுபடி உட்காருவாங்களாம். அன்னிக்கு யாரா இருந்தாலும் பேப்பர் இல்லாம வரணும், வாயால சொல்லணுமாம்."

செக்ரட்டரி பேந்தப் பேந்த விழித்தார். வாழ்நாள் பூராவும் ஒப்பந்தம் எழுதின மனிதர். அவர் எழுதின ஒப்பந்தத்தை இதுவரை எந்தக் கம்பெனியும் திருப்பி அனுப்பியதில்லை. அந்த அவமானம் கோபமாக மாற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நீ உள்ள என்ன சொன்னே? ஒத்துக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டே? யாராவது உன் கையைப் பிடிச்சு இழுத்தாங்களா? சொல்லு. உன் பேர் வந்த மாதிரி என் பேரும் வந்திருக்கலாமே. வந்திருந்தா நான் பேசாம படுத்திருப்பேன்!"

"கத்தாதீங்க, ஆஸ்பத்திரி," என்றாள் அண்ணி.

"கத்தாம? இவனுக்குக் கை மறுபடி அடைச்சா என்ன பண்ணுவே? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி அந்தக் கைகிட்ட சொல்லுவியா?"

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாண்டு அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் மாஸ்டர் பேசினார். அதுவரை அந்த மனிதர் அங்கே இருப்பதையே மூன்று பேரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

"வாண்டு, இங்க வா. பக்கத்துல உட்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

"நான் உன்னை ஒரு தடவைகூடக் கேக்கலை இல்லை?"

"கேக்கலை."

"கேக்காம இருக்கறதுதான் பெருந்தன்மைன்னு நினைச்சுட்டேன். நல்லவன் வாய்விட்டுக் கேக்க மாட்டான், கொடுத்தா வாங்கிப்பான், கொடுக்கலைன்னா சிரிச்சுட்டுப் போயிடுவான்னு நானே ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். குளத்துல பசங்களுக்கு என்ன சொல்லித் தருவேன் தெரியுமா? மூச்சு முட்டிச்சுன்னா கையைத் தூக்கு, வெட்கப்படாதேன்னு. நான் தூக்கலை. என் ரோஷத்தைக் காப்பாத்திக்க உன்னை நாலு மாசம் தவிக்க விட்டுட்டேன்." அவர் தங்கை பக்கம் திரும்பினார். "இப்பக் கேக்கறேன். எனக்குச் சாகப் பயமா இருக்கு. உன் கிட்னில ஒண்ணை எனக்குத் தருவியா?"

வாண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப் போன கை. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிற அதிர்வு அவள் விரலில் தெரிந்தது.

"எனக்கும் பயமா இருக்குண்ணா. பாப்பாவை நினைச்சா பயம், வேலையை நினைச்சா பயம். நீ கேட்டதுல பாதி பயம் போயிடுச்சு. மீதி இருக்கு."

"வேணாம்னு சொல்லு. சொன்னா நான் தாங்கிப்பேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"பொய் சொல்லாதே. தாங்க மாட்டே." இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. "நான் பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி இதே கேள்வியைப் பெரியண்ணன்கிட்டயும் கேளு."

மாஸ்டர் தயங்கினார். தங்கையிடம் கேட்டதைவிட அண்ணனிடம் கேட்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. எழுந்து நின்றார். அண்ணி தாங்கிப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அண்ணா. உனக்கும்தானே பொருந்துது. எனக்கு ஒண்ணு தருவியா?"

"அதான் அவளுக்கு அதிகமா..." என்று ஆரம்பித்த செக்ரட்டரியால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"நான் உன்னைக் கேட்டேன்."

செக்ரட்டரி நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபைல் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"அந்த நாலாவது ஷரத்து," என்றார் தரையைப் பார்த்தபடி, "அதை எனக்காகத்தான் எழுதினேன்."

"என்ன சொல்றே?" என்றாள் வாண்டு.

"நீ ஓட மாட்டேன்னு எனக்குத் தெரியும். நான் ஓடிடுவேன். சின்ன ஊசிக்கே நான் மயங்கி விழுவேன்னு உங்களுக்குத் தெரியாது, உங்க பெரிய அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். என் பேர் வந்து நான் ஓடிட்டா அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இவனைப் பார்க்கறது? அதான், ஓட முடியாதபடி என்னை நானே கட்டிப்போட எழுதினேன்." அவர் தலையை நிமிர்த்தினார். "உன் பேர் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நான் நிம்மதியா தூங்கினேன் வாண்டு. எனக்குன்னு திரிச்ச கயிறு உன் கழுத்துல கிடக்குன்னு தெரிஞ்சும் தூங்கினேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கையைப் போட்டார்.

செக்ரட்டரி பிறகு முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, விறுவிறுவென்று குழு அலுவலகத்தின் ஜன்னலுக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

"வெள்ளிக்கிழமை லிஸ்ட்ல என் பேரையும் சேர்த்துக்கோங்க," என்றார் ஜன்னலில் இருந்த கிளார்க்கிடம். "தானம் செய்யறவர் பட்டியல்ல. நோயாளிக்கு அண்ணன்."

கிளார்க் ஒரு தாளை எடுத்துப் பெயர், வயது, ரத்த வகை என்று வேகமாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். செக்ரட்டரியும் வேகமாகப் பதில் சொன்னார்.

"சொந்த விருப்பத்தின் பேரில் தானம் செய்கிறீர்களா? ஆமாவா, இல்லையா?"

செக்ரட்டரி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"சார்? ஆமாவா, இல்லையா? உங்களுக்குப் பின்னால ஆள் நிக்கறாங்க."

அவர் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"வாண்டு, இதுக்கு நீ என்னம்மா பதில் சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? என் ஃபாரத்துல அந்தக் கட்டத்துல டிக் போட்டது நீதான்ணா," என்றாள் வாண்டு. "நான் கீழ கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

கிளார்க் பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.